கட்டினதும் விட்டதும்

மிருணாளினி தனக்குக் கலியாணம் ஆகிவிட்டது என்பதைச் செய்தியில் வாசித்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அது 2017 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. பரமட்டாவில் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண் பரிசோதிப்பது அவளுடைய வேலை. முதல் ஆள் வர இன்னும் நேரம் இருந்ததால் கைபேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருபால் திருமணச் சட்டம் அன்றைக்குத்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. கட்டிப்பிடித்து அழுகிறவர்களின் படங்களை அந்தக் கிழமை முழுக்கப் பார்த்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. படங்களுக்குக் கீழே, அதிகம் பேர் வாசிக்காத இடத்தில், ஒரு சின்னப் பந்தி இருந்தது. வெளிநாட்டில் முன்பே மணம் முடித்த இணையரின் திருமணமும் இன்று முதல் ஆஸ்திரேலியாவில் செல்லும், அதற்காக அவர்கள் புதிதாக எதையும் செய்யத் தேவையில்லை என்று அதில் எழுதியிருந்தது.

திரும்பவும் அதை வாசித்தாள். பிறகு கைபேசியை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு முதல் ஆளை உள்ளே கூப்பிட்டாள். இந்தக் கண்ணாடி தெளிவா, அடுத்தது தெளிவா என்று வழமைபோலக் கேட்டாள். அந்த மனிதர் நன்றாக யோசித்துவிட்டு, இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரிகிறது என்றார்.

அவளும் கிறிஸ்ரினாவும் ஓக்லண்டில் கலியாணம் கட்டியது 2014 தை மாதத்தில். கிறிஸ்ரினா மன்னார்க்காரி. சிட்னிக்குப் படிக்க வந்து, முதியோர் இல்லமொன்றில் தாதியாகி, இங்கேயே தங்கிவிட்டவள். இருவரும் வெஸ்ற்மீட்டில் ஒரு அடுக்குமாடி யூனிற்றில் ஒன்றாக இருந்தார்கள். நியூசிலாந்தில் சட்டம் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. போவோம், போய்க் கட்டிக்கொண்டு வருவோம் என்றாள் கிறிஸ்ரினா. வீட்டுக்கு விடுமுறை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பதிவு அலுவலகத்தில் சாட்சிக்கு ஆட்கள் வேண்டும் என்றார்கள். தங்கியிருந்த விடுதியின் சொந்தக்காரியும் அவளுடைய புருஷனும் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். அந்த அம்மாள் தன் தோட்டத்து நீலப் பூக்களைக் கட்டி ஆளுக்கொரு கொத்தாகக் கையில் தந்தாள். பதிவு முடிந்து கடற்கரையில் மீனும் சிப்ஸும் வாங்கிச் சாப்பிட்டபோது, ஒரு கடற்புறா வந்து கிறிஸ்ரினாவின் மீனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மன்னார்க் கடற்கரையில் பிறந்த எனக்கே இந்த நிலைமையா என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

திரும்பி வந்து சிட்னி விமான நிலையத்தில் இறங்கியதும் அவர்கள் கலியாணம் கட்டாதவர்கள். கடலுக்கு அந்தப் பக்கம் மனைவி, இந்தப் பக்கம் சிநேகிதி. அந்த வருசக் கடைசியில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் மட்டும் கொஞ்சம் இறங்கி வந்தது. வெளிநாட்டில் கட்டியவர்களை ‘பதிவு செய்த உறவு’ என்ற பெயரில் ஏற்றுக்கொள்ளலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். கிறிஸ்ரினா அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். வருசாவருசம் புதுப்பிக்கிற கார்ப் பதிவுக்கு இங்கே ரெஜோ என்று பெயர். எங்கட காருக்கும் ரெஜோ, எங்களுக்கும் ரெஜோ என்றாள். அந்தப் பகிடி வீட்டில் கனகாலம் ஓடியது. இருவருக்கும் சண்டை வந்தால், ரெஜோ முடியப்போகிறது என்று ஒருத்தி சொல்லுவாள்.

மிருணாளினியின் தாய் தகப்பன் பென்டில் ஹில்லில் இருந்தார்கள். தாய் யோகா, தகப்பன் சிறிதரன். கிறிஸ்ரினாவை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வாடகை பங்குபோட்டு மகளோடு இருக்கிற பிள்ளை, நல்ல பிள்ளை, கோயிலுக்கு வராவிட்டாலும் சேர்ச்சுக்குத் தவறாமல் போகிறவள். அவ்வளவுதான் தெரியும். யோகா கணவாய்க் கறி வைத்தால் ஒரு சின்னப் பெட்டியில் ‘அந்தப் பிள்ளைக்கு’ என்று தனியாகப் போட்டு அனுப்புவாள்.

கிறிஸ்ரினா தன் அண்ணன் நொயலுக்கு உண்மையைச் சொல்லிவிட்டாள். நொயல் மெல்பேர்ணில் ட்ருகனினாவில் இருந்தான். ஒரு பெரிய கிடங்கில் வேலை. கேட்டுவிட்டுப் பல மாதம் அவன் தங்கையோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் ஒன்றுமே நடக்காததுபோல ரெலிபோன் எடுத்து, பிள்ளைக்கு ஞானஸ்நானம், நீங்கள் ரெண்டு பேரும் வாங்கோ என்றான். கிறிஸ்ரினா தனியாகத்தான் போனாள். மிருணாளினி போகவில்லை. யாராவது படம் எடுத்துப் போட்டால் பென்டில் ஹில்லுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று பயந்தாள். அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று அவளும் ஒவ்வொரு வருசமும் நினைத்தாள். அப்பாவுக்கு இருதயத்தில் ஒப்பரேஷன் வந்தது, தம்பிக்குக் கலியாணம் வந்தது, அம்மாவுக்கு முழங்கால் நோவு வந்தது. சொல்வதற்கு நல்ல நேரம் என்று ஒன்று வரவேயில்லை.

2016இல் சிறிதரன் இறந்துபோனார். செத்தவீட்டுக்குக் கிறிஸ்ரினா விடியவே வந்துவிட்டாள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள், கதிரைகளை அடுக்கினாள், குசினியில் கோப்பைகளைக் கழுவினாள். எரிக்கிற இடத்தில் குடும்பம் முன்வரிசையில் இருந்தது. கிறிஸ்ரினா கடைசி வரிசையில், கண்ணாடிக் கடையிலிருந்து வந்தவர்களோடு நின்றாள்.

அதற்கடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடுப்பு மடித்துக்கொண்டிருக்கும்போது, அவள் கேட்டாள்.

“உன்ர அப்பாவின்ர செத்தவீட்டில நான் ஆர், மிரு?”

மிருணாளினி மடித்த உடுப்பை உதறித் திரும்பவும் மடித்தாள். சண்டை பிடிக்கவில்லை, சாமான் எறியவில்லை. இரண்டு பேரும் களைத்துப்போயிருந்தார்கள். அந்த மாதக் கடைசியில் கிறிஸ்ரினா ட்ருகனினாவுக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் வேலையும் கிடைத்தது.

அவள் போன மறுநாள் மிருணாளினி வேலைக்குப் போனாள். லீவு கேட்க ஒரு காரணமும் சொல்ல முடியாது. அதே கடையில் ஒரு பெண்ணின் காதலன் விட்டுவிட்டுப் போனபோது எல்லோரும் பூ வாங்கிக் கொடுத்து, மத்தியானம் வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட வைத்தார்கள். மிருணாளினியும் கூடப்போய், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னாள். அம்மாவிடம், கிறிஸ்ரினாவுக்கு மெல்பேர்ணில் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னாள். அப்ப நீ தனியா வாடகை கட்டவேணுமே என்று யோகா கவலைப்பட்டாள்.

ஆகவே அந்த டிசம்பர்ச் சனிக்கிழமை, பிரிந்து ஒரு வருசத்துக்கு மேலான பிறகு, சட்டம் வந்து அவளை மனைவி என்றது. அவள் இதை யாருக்கும் சொல்லவில்லை. கிறிஸ்ரினாவுக்கும் எடுத்துச் சொல்லவில்லை. ஆனால் கண்ணாடிகளைத் துடைத்து வைக்கும்போதோ, ரெயினில் நிற்கும்போதோ, திடீரென்று அவளுக்கு நினைவு வரும்: என்ர மனிசி ட்ருகனினாவில இருக்கிறா. அதை யாராலும் இல்லையென்று சொல்ல முடியாது. அரசாங்கமே சொல்ல முடியாது. கூடி இருந்த காலத்தில் இல்லாத ஒரு நிம்மதி அதில் இருந்தது. பைத்தியக்கார நிம்மதி என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் அதை விட மனம் வரவில்லை.

ஈஸ்டர் முடிந்து சில நாளில் கிறிஸ்ரினா ரெலிபோன் எடுத்தாள். முதலில் யோகாவின் முழங்காலைப் பற்றி விசாரித்தாள். பிறகு, தான் கலியாணம் கட்டப்போவதாகச் சொன்னாள். பெண்ணின் பெயர் ப்ரீத்தி. கோயம்புத்தூர்க்காரி, பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். சேர்ச்சில் கட்ட முடியாது என்பதால் கலியாணம் நடத்திவைக்க உரிமம் உள்ள ஒரு பெண்மணியிடம் போயிருக்கிறார்கள். முன்பு மணம் செய்தவரா என்று அந்த அம்மா கேட்டபோது, நியூசிலாந்தில் ஒருக்கால் கட்டினேன், அது இங்கே கணக்கில்லைத்தானே என்று கிறிஸ்ரினா சிரித்திருக்கிறாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. பேனையைக் கீழே வைத்துவிட்டு, டிசம்பரில் இருந்து அது கணக்குத்தான் என்று சொல்லியிருக்கிறாள்.

“நானும் நீயும் இப்ப சட்டப்படி கலியாணம் கட்டின ஆக்கள், மிரு. டிவோர்ஸ் எடுத்தால்தான் நான் கட்டலாமாம்.”

“எனக்குத் தெரியும்,” என்றாள் மிருணாளினி.

“எப்பயிருந்து?”

“டிசம்பரில இருந்து.”

ஏன் சொல்லவில்லை என்று கிறிஸ்ரினா கேட்கவில்லை. மூன்று வருசம் ஒன்றாக வாழ்ந்துவிட்டுக் கட்டி, கட்டிய பின்னும் இரண்டு வருசத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தவளுக்குக் கேட்காமலே விளங்கியிருக்கும். பிறகு விசயத்தை மெதுவாக, ஒரு நோயாளிக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். பிரிந்து ஒரு வருசத்துக்கு மேல் ஆகிவிட்டதால் பிரச்சினை இல்லை. இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தால் கோட்டுக்குப் போகவும் தேவையில்லை. சத்தியக்கடதாசியில் ஒரு ஜே.பி. முன்னால் கையெழுத்து வைத்தால் போதும். கிறிஸ்ரினா அங்கே வைப்பாள், மிருணாளினி இங்கே வைக்கலாம்.

மிருணாளினி சரி என்றாள். ப்ரீத்தி நல்ல ஆளா என்று கேட்டாள். ஓம் என்றாள் கிறிஸ்ரினா. பிறகு, சமையல் மட்டும் சரியான மோசம் என்றாள்.

சரி என்று சொன்னாளே ஒழிய, கிறிஸ்ரினா அனுப்பிய கடதாசிகள் அவளுடைய கைப்பையில் கிழமைக்கணக்காகக் கிடந்தன. ஜே.பி. என்பவர் ஒன்றும் பெரிய நீதிபதி இல்லை. பிறப்புச் சான்றிதழ் பிரதிகளுக்கும் சத்தியக்கடதாசிகளுக்கும் சாட்சிக் கையெழுத்து வைக்க அரசாங்கம் நியமித்த தொண்டர். சிட்னியில் தடுக்கி விழுந்தால் ஒரு ஜே.பி. இருப்பார். ஆனால் அவளுடைய பக்கத்து நூலகத்தில் மேசை போட்டு இருக்கிறவர் மகாதேவன் அங்கிள். அப்பாவின் சிநேகிதர். மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் திருவிழா வந்தால் வெள்ளை வேட்டியோடு முன்னுக்கு நிற்கிறவர். பென்டில் ஹில்லில் விசா, வீடு, வேலை என்று எந்த அலுவலாக இருந்தாலும் சனம் அவரிடம்தான் கையெழுத்துக்குப் போகும். ஒருநாள் மிருணாளினி நூலகத்து வாசல்வரை போனாள். கண்ணாடிக் கதவுக்குள்ளால் அவருடைய வழுக்கைத் தலை தெரிந்தது. காருக்குத் திரும்பி வந்துவிட்டாள். இன்னொரு நாள் இதற்கென்றே பிளாக்டவுனுக்குக் காரில் போனாள். அங்கே அன்றைக்கு ஜே.பி. வரவில்லை. வேறு இடத்துக்குப் போயிருக்கலாம். அவள் போகவில்லை.

இந்த இழுபறியில் அவள் மெலிந்துபோனாள். யோகா கவனித்துவிட்டாள். வருத்தம் ஏதும் இருக்கோ, இரத்தம் சோதித்தாயோ என்று கரைச்சல் கொடுக்கத் தொடங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயை மேய்ஸ் ஹில் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பூசை முடிந்து கன்ரீனில் இடியப்பமும் சொதியும் பார்சல் கட்டிக்கொண்டு வந்து காருக்குள் இருந்தார்கள். பின்னால் வெளிக்கிட வேண்டிய கார்கள் வரிசையாக நின்றன. ஆகவே போகவும் வழியில்லை. யோகா திரும்பவும் இரத்தச் சோதனைக் கதையை எடுத்தாள்.

“அம்மா, நான் கலியாணம் கட்டினனான்,” என்றாள் மிருணாளினி.

யோகா பார்சலை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். எப்ப என்று கேட்டாள். நாலு வருசத்துக்கு முன்னம் என்றாள் மகள். ஆரை என்று கேட்டாள். கிறிஸ்ரினாவை என்றாள்.

முன்னால் ஒரு தகப்பன் இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கார்களுக்கிடையில் போனான். அவர்கள் போய் முடியும்வரை யோகா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப ஏன் சொல்லுறாய்?”

“இப்ப டிவோர்ஸ் எடுக்கப்போறம். அதுக்குக் கையெழுத்து வைக்கவேணும். வைக்க ஏலாமல் இருக்கு, அம்மா.”

பின்னால் நின்ற கார்கள் நகர்ந்தன. காரை எடு என்று மட்டும் யோகா சொன்னாள். பென்டில் ஹில்லில், வீட்டு வாசலில் இறங்கும்போது இடியப்பப் பார்சலை இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கினாள். மறதியிலா, மகளுக்கு என்று விட்டாளா என்று மிருணாளினிக்கு விளங்கவில்லை.

அந்தக் கிழமை தாயிடமிருந்து ரெலிபோன் வரவில்லை. இவளும் எடுக்கவில்லை. தம்பி எடுத்து, அம்மா ஏன் ஒரு மாதிரி இருக்கிறா என்று கேட்டான். தெரியாது என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் வெஸ்ற்மீட் யூனிற்றின் மணி அடித்தது. யோகா நின்றாள். முழங்கால் நோவோடு தனியாக ரெயின் ஏறி வந்திருந்தாள். உள்ளே வந்து கதிரையில் இருந்து, தண்ணி வாங்கிக் குடித்து, வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். இந்த வீட்டுக்கு எத்தனையோ தரம் வந்திருக்கிறாள். ஆனால் அன்றைக்குப் புதிதாக வந்தவள்போல, ஒவ்வொரு கதவாகப் பார்த்தாள். இரண்டு படுக்கையறைகள் இருந்தன. அதில் ஒன்றில் எப்போதும் உடுப்புக் காயப்போடுகிற கம்பிதான் நின்றது என்பது அவளுக்கு இப்போது நினைவு வந்திருக்க வேண்டும்.

“அப்பா செத்த நேரம் அந்தப் பிள்ளை உன்ர ஆளாத்தான் நிண்டவளோ?” என்று கேட்டாள்.

“ஓம்.”

“நான் அவளின்ர கையில தட்டைக் குடுத்துத் தேத்தண்ணி குடுக்க விட்டனான்.”

“மருமகள் எண்டாலும் அதைத்தான் செய்திருப்பா, அம்மா.”

யோகா அதை யோசித்துப் பார்த்தாள். ஓம், செய்துதான் இருப்பாள் என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் மருமகள் என்றால் தேத்தண்ணி கொடுத்த பிறகு முன்னுக்கு வந்து இருந்திருப்பாளே என்றாள். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். எதற்கென்று மிருணாளினி கேட்கவில்லை. புருஷனை நினைத்தும் இருக்கலாம், மகள் ஒரு பெண்ணைக் கட்டியதை நினைத்தும் இருக்கலாம், தனக்குத் தெரியாமல் எல்லாம் நடந்து முடிந்ததை நினைத்தும் இருக்கலாம். எல்லாம் சேர்ந்துதான் இருக்கும்.

எனக்கு இது பிடிச்சிருக்கு எண்டு நினையாதே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். எனக்கு விளங்கவும் இல்லை. ஆனா கட்டினது கட்டினதுதான், முறிஞ்சது முறிஞ்சதுதான், அதுக்குச் சாப்பிடாமல் கிடக்கக் கூடாது. இப்படி நிறையச் சொன்னாள். பிறகு, கையெழுத்து ஏன் வைக்கவில்லை, எங்கே வைக்க வேணும் என்று விசாரித்தாள். பிளாக்டவுன் போன கதையை மிருணாளினி சொன்னபோது அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

“மகாதேவன் அண்ணை இருக்கேக்க நீ ஏன் ஊரெல்லாம் திரியிறாய்? உன்ர அப்பாவின்ர கடதாசி முழுக்க அவர்தான் செய்து தந்தவர். போய் வை.”

நூலகத்தில் கூட்டமில்லை. மகாதேவன் அங்கிள் ஜன்னல் பக்கம் ஒரு சின்ன மேசையில் முத்திரையும் பேனையும் வைத்துக்கொண்டு இருந்தார். மிருணாளினியைக் கண்டதும் முகம் மலர்ந்து, வா பிள்ளை, அம்மாவின்ர கால் எப்படி என்று கேட்டார். அவள் கடதாசிகளை நீட்டினாள். மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். அவர் மாற்றிப் போட்டது வாசிக்கிற கண்ணாடி இல்லை, தூரப் பார்வைக்குரியது என்பதை அவளுடைய தொழில் புத்தி கவனித்தது. முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. அந்த இடத்தில் அவருடைய விரல் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கீழே இறங்கிப் பக்கத்தைப் புரட்டியது.

லைசென்ஸ் கேட்டார். படத்தையும் அவளுடைய முகத்தையும், அவளைப் பிறந்ததிலிருந்து தெரியாதவர்போல ஒத்துப்பார்த்தார். கடவுள்மேல் சத்தியம் செய்கிறாளா, இல்லை உறுதிமொழி எடுக்கிறாளா என்று கேட்டார். உறுதிமொழி என்றாள். அவர் சொல்லச் சொல்ல அவளும் சொன்னாள்: இதில் எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்று. கையெழுத்து வைத்தாள். அவர் தன் பெயரை எழுதி, பதிவு இலக்கத்தை எழுதி, முத்திரை குத்தினார். மை காயும்வரை கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“நான் போன வருசம் நோ எண்டுதான் போட்டனான், பிள்ளை,” என்றார்.

தபாலில் எல்லோருக்கும் வந்த ஒருபால் திருமண வாக்கெடுப்பைச் சொல்லுகிறார். மேற்குச் சிட்னியில் பெரும்பான்மையும் அப்படித்தான் போட்டது.

“கன பேர் அப்பிடித்தான் போட்டவை, அங்கிள்.”

“ஓம். ஆனா வந்திட்டுது. வந்தாப் பிறகு சட்டம் சட்டம்தான்.” கடதாசியை அவளிடம் தந்தார். “என்ர மூத்தவளும் இப்பிடித்தான் ஒரு நாள் இந்தக் கடதாசியோட நிண்டவள். சொந்தப் பிள்ளைக்கு நான் வைக்கக் கூடாது, வேற ஆளிட்ட அனுப்பினனான். பிறகு ஆறு மாதம் அவள் ஆரோடையும் கதைக்கேல்லை. பிரியிறது லேசில்லை, பிள்ளை. வேலை வேலையெண்டு ஓடாமல் கொஞ்ச நாள் லீவு போடு. நேரத்துக்குச் சாப்பிடு.”

மிருணாளினி நன்றி சொன்னாள். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

காருக்குள் வந்து இருந்தபிறகு அவளால் சாவியைப் போட முடியவில்லை. கிறிஸ்ரினா போன நாளிலிருந்து ஒருவரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. சொல்ல முடியாது, அவர்களுக்குத் தெரியாதே. விவாகரத்தான பெண்ணொருத்தியிடம் ஊரில் பெரியவர்கள் என்ன சொல்லுவார்களோ அதையேதான் அந்த மனிதர் சொல்லியிருந்தார். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் ஸ்டியரிங்கில் தலையை வைத்து நன்றாக அழுதாள். பக்கத்துக் காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெண், சுகமா என்று சைகையால் கேட்டாள். சுகம் என்று இவளும் சைகை காட்டினாள். திங்கட்கிழமை கடை முகாமையாளரிடம் போய், எனக்கு டிவோர்ஸ் நடக்கிறது, ஒரு கிழமை லீவு வேண்டும் என்று கேட்டாள். அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல எவ்வளவு லேசாக இருந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். முகாமையாளர் எழும்பி வந்து தோளைத் தொட்டார்.

கோட்டு உத்தரவு ஆடி மாதத்தில் வந்தது. அது முழுதாகச் செல்ல இன்னும் ஒரு மாதம் எடுத்தது. அந்த நாளில் கிறிஸ்ரினா எடுத்தாள். இருவரும் பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை. ஓக்லண்ட் விடுதிக்காரி இன்னும் கிறிஸ்மஸுக்கு வாழ்த்து அனுப்புகிறாளாம், அவளுக்கு என்ன பதில் எழுதுவது என்று கிறிஸ்ரினா கேட்டாள். உள்ளதை எழுது, எங்களுக்குச் சாட்சிக்கு நின்றவள்தானே என்றாள் மிருணாளினி. கலியாணத்துக்கு வருவாயா என்று கிறிஸ்ரினா கேட்டாள். இல்லை, என்னால் ஏலாது என்று இவள் நேராகச் சொன்னாள். சரி என்றாள் கிறிஸ்ரினா. வைக்கும்போது ரெண்டு பேரும் ஒரே நேரத்தில், சுகமாய் இரு என்றார்கள்.

யோகா மகளிடம் கிறிஸ்ரினாவின் நம்பரைக் கேட்டு வாங்கினாள். ஒரு பின்னேரம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் கதைத்தாள். என்ன கதைத்தாள் என்று மிருணாளினி கேட்கவில்லை, யோகாவும் சொல்லவில்லை. வெளியே வந்து, அந்தப் பிள்ளைக்கு இருமல், தொண்டை அடைச்சுப்போய்க் கிடக்கு என்று மட்டும் சொன்னாள்.

குளிர் குறைந்து வசந்தம் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, தாயும் மகளும் பென்டில் ஹில்லில் சாமான் வாங்கப் போனார்கள். கடையில் ஞானமலர் அன்ரி நின்றா. யாழ்ப்பாணத்தில் யோகாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவ. சேர்ச், கோயில், கடை என்று எல்லா இடத்துச் செய்தியும் கைவசம் வைத்திருக்கிறவ. அரிசி மாப் பெட்டிகளுக்கு முன்னால் யோகாவைப் பிடித்துக்கொண்டு, தன் பேரப்பிள்ளைகளின் கதை எல்லாம் சொல்லி முடித்தா. பிறகு குரலைத் தாழ்த்தி, மகளுக்கு இன்னும் ஒன்றும் சரிவரவில்லையா என்று கேட்டா. இரண்டு அடி தள்ளி மிருணாளினி கறுவாப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கேட்காததுபோல நடித்தாள்.

“அவ கட்டினவ,” என்றாள் யோகா. “சரிவரேல்லை. விட்டிட்டினம்.”

ஞானமலர் அன்ரி வாயில் கை வைத்தா. தனக்குத் தெரியாமல் இப்படி ஒன்று நடந்திருப்பது அவவுக்குத் தாங்கவில்லை. ஐயோ பாவம் என்றா, எங்கத்தைப் பெடியன் என்றா.

“பெடியனில்லை. மன்னார்ப் பெட்டை. கிறிஸ்ரினா. நல்ல பிள்ளை, ஒத்துவரேல்லை, என்ன செய்யிறது,” என்று யோகா சொன்னாள். நடுவில் நிற்காமல் சொல்லி முடித்தாள். பிறகு, இந்த மா நல்லதா, இடியப்பத்துக்குப் பிழியச் சரிவருமா என்று கேட்டாள். ஞானமலர் அன்ரி பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது கட்டிபடும், மற்றப் பெட்டியை எடு என்றா.

காரில் சாமான்களை ஏற்றி முடித்து, யோகா பெல்ற்றை இழுத்துப் போட்டாள். மிருணாளினி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

“பொழுதுபட முன்னம் பென்டில் ஹில் முழுக்கச் சொல்லி முடிச்சிடுவா,” என்றாள் யோகா.

“ஓம், அம்மா.”

“சொல்லட்டும். நான் ஒவ்வொருத்தருக்காச் சொல்லித் திரியத் தேவையில்லைத்தானே.”

மிருணாளினி காரைப் பின்னுக்கு எடுத்தாள். கடை வாசலில் ஞானமலர் அன்ரி ஏற்கெனவே ரெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றா. இவர்களைக் கண்டதும் மற்றக் கையைத் தூக்கி ஆட்டினா. யோகாவும் கையைத் தூக்கி ஆட்டினாள்.